கடிகாரம் காட்டிய ஐந்து கிலோமீற்றர்

பயிற்றுநர் தன் கையிலிருந்த ஸ்டொப் வோச்சைப் பார்த்துச் சொன்ன நேரம் 21 நிமிடம் 4 செக்கன். என் மருமகள் அதை நம்பவில்லை. இடது மணிக்கட்டைத் திருப்பித் தன் கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பொகவந்தலாவையில், தோட்டப் பாதையில், அதே 5 கிலோமீற்றரை அவள் 19 நிமிடம் 50 செக்கனில் ஓடிக்கொண்டிருந்தாள். ஒருநாள் அல்ல, மூன்று வாரமாக. கடிகாரம் அப்படித்தான் சொன்னது.

அது ஒரு கழகத்தின் 5,000 மீற்றர் தெரிவுப் போட்டி. இருபதரை நிமிடத்துக்குள் ஓடினால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். எடுபட்டால் தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி, பின்னர் ஒருவேளை அந்த வழியில் ஒரு வேலை. உயர்தரம் எழுதிவிட்டு, கொழும்பில் துணிக்கடைக்குப் போவதா, அம்மாவோடு கொழுந்துக்குப் போவதா என்று நின்ற ஒரு பிள்ளைக்கு அது சின்ன விடயம் இல்லை. முப்பத்துநான்கு செக்கன் பிந்தியதில் அது போனது. இறங்கி வரும் பஸ்ஸில் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "வாட்ச் பொய் சொல்லுமா மாமா?"

அந்தக் கடிகாரத்தை வாங்கிக் கொடுத்தவன் நான். கொழும்பில் ஒருவர் பாவித்துவிட்டு விற்றதை, இரண்டு கட்டுரைக்கு வந்த காசில் வாங்கினேன். ஆகவே பதில் தேடுவதும் என் பொறுப்பாயிற்று. தேடியதில் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் காலையில் ஓடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் உறவுகள் பழைய கடிகாரங்களைத் தம்பி தங்கைகளுக்கு அனுப்புகிறார்கள். அவர்களுக்கும் இது பயன்படும்.

எங்கள் குடும்பத்தைப் பற்றி ஒரு வரி சொல்லவேண்டும். 1977 வன்செயலில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. நான் பிறந்தது கிளிநொச்சியில். யுத்தம் முடிந்த பிறகு அக்கா பொகவந்தலாவையில் இருந்த சொந்தத்துக்குள்ளேயே வாழ்க்கைப்பட்டுப் போனார். அதனால்தான் எனக்கு இந்த மலைப்பாதையோடு பழக்கம்.

கடிகாரம் தூரத்தை அளப்பதில்லை

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதுதான். கடிகாரம் தூரத்தை அளப்பதில்லை. அது இடத்தை ஊகிக்கிறது. ஒரு செக்கனில் நான் எங்கே நின்றேன், அடுத்த செக்கனில் எங்கே நின்றேன் என்று புள்ளிகளைக் குறித்துக்கொண்டு போய், பிறகு அந்தப் புள்ளிகளை இணைத்து நீளம் பார்க்கிறது. புள்ளி பிழைத்தால் நீளமும் பிழைக்கும்.

புள்ளி எப்படிக் கிடைக்கிறது? ஜிபிஎஸ் செய்மதிகள் தரையிலிருந்து ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அந்த அறிவிப்பு ஒளியின் வேகத்தில் வந்து நம் கையை அடைய ஒரு செக்கனில் பதினான்கில் ஒரு பங்கு எடுக்கும். எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை வைத்து அந்தச் செய்மதி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கடிகாரம் கணக்குப் போடுகிறது. இப்படிக் குறைந்தது நான்கு செய்மதிகளின் தொலைவு தெரிந்தால் இடம் தெரியும். மூன்று இடத்துக்கு, நாலாவது நம் கடிகாரத்தின் நேரப் பிழையைத் திருத்த. ஒரு செக்கனில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 300 மீற்றர் பிசகிவிடும் என்றால், எத்தனை நுணுக்கமான வேலை இது என்று யோசித்துப் பாருங்கள்.

இது அமெரிக்க இராணுவத்தின் சொத்து. 1983 செப்டெம்பர் 1ஆம் திகதி கொரிய பயணிகள் விமானம் ஒன்று வழிதவறி சோவியத் வான்பரப்புக்குள் போய் சுட்டு வீழ்த்தப்பட்ட பிறகுதான் பொதுமக்களுக்கும் இதை இலவசமாகத் தருவதாக றீகன் அரசு அறிவித்தது. எங்கள் வீடுகள் எரிந்த ஜூலைக்கு ஒரு மாதம் கழித்து. பின்னரும் பல ஆண்டுகள் பொதுப் பாவனைக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து, 100 மீற்றர் வரை தடுமாற விட்டிருந்தார்கள். அந்தக் கலப்பு 2000 மே மாதத் தொடக்கத்தில்தான் நிறுத்தப்பட்டது. அது நிற்காவிட்டால் கையில் கட்டி ஓடும் கடிகாரம் என்ற பொருளே வந்திருக்காது.

இன்று ஜிபிஎஸ் தனியாக இல்லை. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ எல்லாம் மேலே சுற்றுகின்றன. திறந்த வெளியில், வானம் தெளிவாகத் தெரியும் இடத்தில், சாதாரணக் கைபேசி ஒன்று ஏறக்குறைய 5 மீற்றருக்குள் இடத்தைக் காட்டும். கடிகாரமும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

ஐந்து மீற்றர் பிழை என்றதும் ஐந்து கிலோமீற்றரில் அது எவ்வளவு ஆகும் என்று பெருக்கிப் பார்க்கத் தோன்றும். அப்படி இல்லை. ஓட்டம் முழுவதும் கடிகாரம் உங்களை ஐந்து மீற்றர் இடப்பக்கமாகவே காட்டினால், வரைபடத்தில் நீங்கள் வாய்க்காலுக்குள் ஓடுவதுபோலத் தெரியும். ஆனால் தூரம் சரியாகவே வரும். கோடு நகர்ந்திருக்கிறது, நீளம் மாறவில்லை. தூரத்தைக் கெடுப்பது பிழையின் அளவல்ல, பிழை மாறிக்கொண்டே இருப்பது.

ஒரு கணக்கு. மருமகளின் வேகத்தில் ஒரு செக்கனுக்கு 4 மீற்றர். நேர்ப்பாதையில் ஓடும்போது ஒரு புள்ளி அரை மீற்றர் வலப்பக்கமும், அடுத்தது அரை மீற்றர் இடப்பக்கமும் விழுகிறது என்று வையுங்கள். கடிகாரம் பார்க்கும் தூரம் 4 மீற்றர் அல்ல, 4.12 மீற்றர். வித்தியாசம் வெறும் 12 சென்ரிமீற்றர். ஆனால் அது 3 வீதம். ஐந்து கிலோமீற்றரில் 150 மீற்றர் சும்மா கிடைத்துவிடும். நேர்ப்பாதையில் தள்ளாட்டம் தூரத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. ஒஸ்திரிய ஆய்வாளர்கள் 2016இல் இதைக் கணிதமாகவே நிறுவினார்கள்.

வளைவில் நடப்பது இதற்கு நேர்மாறு. 15 மீற்றர் ஆரையுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவைச் சுற்றி ஓடினால் 47 மீற்றர். பற்றரியைச் சேமிப்பதற்காகச் சில கடிகாரங்கள் ஒவ்வொரு செக்கனும் பதியாமல், விட்டு விட்டுத்தான் புள்ளி வைக்கும். வளைவின் இரு முனையிலும் மட்டும் புள்ளி விழுந்தால், அது குறுக்கே வெட்டி 30 மீற்றர் என்று எழுதிக்கொள்ளும். 17 மீற்றர் காணாமற்போகும்.

புள்ளிகள் குறைந்தால் தூரம் குறையும் என்பது எனக்கு வேறொரு விதத்தில் தெரிந்த விடயம். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு ஏ35 வீதி சுமார் 52 கிலோமீற்றர். 2009இல் தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று நாங்கள் போன இடங்களைப் புள்ளி வைத்து இணைத்தால் அதைவிடக் கொஞ்சம் கூடவோ குறையவோ வரும். விட்டுவந்த மூட்டைக்குத் திரும்பிப் போனது, தண்ணீருக்குப் போனது, பதுங்குகுழிக்கும் தறப்பாளுக்கும் இடையே ஓடியது, ஆளைத் தேடி அலைந்தது எதுவும் அந்தக் கோட்டில் இல்லை.

மலை, மரம், ஸ்டோர்

பொகவந்தலாவைக்குத் திரும்பி வருகிறேன். நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேல், சுற்றிலும் மலை எழும்பிய ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. நடுவே கெசல்கமு ஓயா ஓடி காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. மருமகள் ஓடும் பாதை பிள்ளைக்காம்பராவில் தொடங்கி, லயங்களைத் தாண்டி, ஒரு யூகலிப்டஸ் தோப்புக்குள் புகுந்து, இரண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, ஸ்டோரின் மதிலை ஒட்டிப் போய், ஒரு மதகில் முடிகிறது. (தேயிலைத் தொழிற்சாலையைத்தான் இங்கே எல்லாரும் ஸ்டோர் என்பார்கள்.) அதே வழியில் திரும்பி வருவாள். கடிகாரம் ஐந்தைக் காட்டும் இடத்தில் நிறுத்துவாள். அது பிள்ளைக்காம்பரா வாசலுக்கு மிகச் சரியாக வந்து விழுந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "பாரு, கடவுளே அளந்து வச்ச மாதிரி," என்று அக்கா சொன்னாராம்.

நான் ஒரு மேசனிடம் 50 மீற்றர் டேப் வாங்கினேன். ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு கட்டும் வேலைக்காக வந்திருந்தவர். இரண்டு பேர், ஒரு சோக் கட்டி, அரை நாள். வளைவுகளில் டேப்பை நேராக இழுக்கக்கூடாது; சிறு சிறு துண்டாக, ஓடுகிறவளின் கால் படும் வழியில் வைத்து அளந்தோம். ஒரு பக்கம் 2,358 மீற்றர். போய்வர 4,716 மீற்றர். கடிகாரம் 5,000 என்று சொன்னது. 284 மீற்றர் கூடுதல், அதாவது 6 வீதம். 4,716 மீற்றரை 19 நிமிடம் 50 செக்கனில் ஓடுகிறவள் அதே வேகத்தில் 5,000 மீற்றரை ஓடினால் 21 நிமிடத்துக்கு ஒரு செக்கனோ இரண்டோ கூட ஆகும். தெரிவுப் போட்டியில் அவள் ஓடியது 21 நிமிடம் 4 செக்கன். அவள் அன்று மோசமாக ஓடவில்லை. எப்போதும் ஓடுவதுபோலத்தான் ஓடினாள்.

அக்கா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "எங்க தராசு எப்பவும் கொறைச்சுத்தான் காட்டும் தம்பி. சாக்குக்கு ரெண்டு, தண்ணிக்கு ரெண்டுன்னு கழிப்பாங்க. கிலோ பத்தலன்னா அரைப்பேரு. இது கூட்டிக் காட்டுனதுக்கா இவ மூஞ்சிய தொங்கப் போட்டிருக்கா?" சிரித்தோம். ஆனால் மடுவத்தில் தராசு முள்ளை எட்டிப் பார்த்துப் பழகிய ஒருவருக்குத்தான் அந்தக் கேள்வி வரும்.

கடிகாரம் பதிந்த கோட்டைக் கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தபோது 284 மீற்றர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது.

முதலாவது, தொடக்கம். அவள் வாசலில் இறங்கியதும் பொத்தானை அழுத்தி ஓடிவிடுவாள். அப்போது கடிகாரம் செய்மதிகளைச் சரியாகப் பிடித்திருக்காது. முதற்புள்ளி பாதைக்கு வெளியே, ஓயாவின் பக்கம் எங்கோ விழுந்து, பிறகு ஒரே தாவலில் அவளிடம் வந்து சேர்ந்தது. அந்தத் தாவல் மட்டும் சுமார் 110 மீற்றர். ஒவ்வொரு செய்மதியும் தன் பாதை விபரத்தை முழுதாகச் சொல்லி முடிக்க ஏறக்குறைய அரை நிமிடம் எடுக்கும். புதிய கடிகாரங்கள் அந்த விபரத்தைக் கைபேசி வழியாக முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும், அது சில நாட்களுக்குச் செல்லும். தோட்டத்தில் சிக்னல் இல்லாததால் இவளுடைய கடிகாரம் வாரக்கணக்கில் கைபேசியோடு பேசவே இல்லை. பழைய விபரத்தை வைத்துக்கொண்டு மேலே தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

இரண்டாவது, ஸ்டோர். பெரிய தகரச் சுவரும் தகரக் கூரையும் சமிக்ஞையைக் கண்ணாடிபோலத் திருப்பி அடிக்கும். நேரே வருவதும் தெறித்து வருவதும் கலந்து கடிகாரத்தை அடையும். தெறித்து வருவது சுற்றிவந்த வழி, எனவே தாமதம். தாமதம் என்றால் கடிகாரத்துக்குத் தொலைவு. அந்த மதிலைக் கடக்கும்போது கோடு ஓடைக்கும் ரோட்டுக்குமாகப் பாய்ந்தது. போகும்போது 40, வரும்போது 40. கொழும்பில் உயரமான கட்டடங்களுக்கிடையே ஓடுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

மூன்றாவது, தோப்பு. இலைகள், அதிலும் நனைந்த இலைகள், ஏற்கனவே பலவீனமான சமிக்ஞையை இன்னும் குடித்துவிடும். அதோடு ஒரு பக்கம் மலை. பாதி வானத்தை மலையே மறைத்தால் மீதிச் செய்மதிகள் ஒரே பக்கத்தில் கூடி நிற்கும். நாலா பக்கத்திலும் இருந்து கயிறு கட்டி இழுத்தால் கம்பம் அசையாது. எல்லாக் கயிறும் ஒரே பக்கம் என்றால் ஆடும். தோப்புக்குள் இரு வழியும் சேர்த்து 150 மீற்றர் கூடியிருந்தது.

இவை மூன்றும் சேர்ந்து 340. வளைவுகளில் குறுக்கே வெட்டியதில் 56 குறைந்தது. மீதி 284. கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டதால், வெறும் மொத்தத்தைப் பார்த்து யாராலும் பிழையைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

மலையில் ஓடுகிறவர்கள் சொல்லும் இரண்டு காரணங்கள் இங்கே குற்றவாளிகள் அல்ல. ஒன்று மூடுபனி. மூடுபனியும் மழையும் இந்த அலைவரிசையை ஏறக்குறைய ஒன்றுமே செய்யாது. மழை மரத்தை நனைப்பதுதான் தொல்லை. மற்றது ஏற்றம். பெரும்பாலான கடிகாரங்கள் தட்டையான வரைபடத் தூரத்தையே கணக்கெடுக்கும் என்பது உண்மை. ஆனால் 100 மீற்றருக்கு 10 மீற்றர் ஏறும் பாதையில்கூட உண்மையான நீளம் 100.5 மீற்றர்தான். அதுவும் கடிகாரத்தைக் குறைத்துக் காட்ட வைக்குமே தவிரக் கூட்டிக் காட்ட வைக்காது.

என்ன செய்தோம்

அதே பழைய கடிகாரத்தை வைத்துக்கொண்டே மூன்று மாற்றங்கள் செய்தோம். சனிக்கிழமை நகரத்துக்குப் போகும்போது 4ஜி கிடைக்கும் இடத்தில் கைபேசியோடு இணைத்து விபரத்தைப் புதுப்பித்தாள். அமைப்புகளுக்குள் போய், ஜிபிஎஸ் மட்டும் என்றிருந்ததை எல்லாச் செய்மதி முறைமைகளும் என்று மாற்றினோம். பெய்டோவுக்கு ஆசிய பசுபிக் பக்கத்துக்கென்றே மேலதிகச் செய்மதிகள் இருப்பதால், இலங்கையில் ஓடுகிறவர்களுக்கு இந்த மாற்றம் நல்ல பலன் தரும். பதிவையும் ஒவ்வொரு செக்கனும் என்று வைத்தோம். பற்றரி வேகமாக இறங்கும். ஆனால் இருபது நிமிட ஓட்டத்துக்கு அது ஒரு பொருட்டா? பற்றரியைச் சேமிக்கும் நிலை நாள்முழுக்க மலை ஏறுகிறவர்களுக்கானது.

பிறகு பொறுமை. பிள்ளைக்காம்பரா முற்றத்தில் வானம் திறந்திருக்கும் இடத்தில் நின்று, கடிகாரம் "தயார்" என்று பச்சை காட்டிய பிறகும் இன்னும் இரண்டு நிமிடம். பச்சை வெளிச்சம் நாலு செய்மதி கிடைத்துவிட்டது என்பதற்குத்தான், நல்ல இடம் கிடைத்துவிட்டது என்பதற்கல்ல. அந்த இரண்டு நிமிடத்தில் கை காலை உதறிச் சூடேற்றிக்கொள்ளலாம்.

அடுத்த ஓட்டத்தில் 4,716 மீற்றரைக் கடிகாரம் 4,790 என்று காட்டியது. பிழை ஆறு வீதத்திலிருந்து ஒன்றரைக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கியது. காசு எதுவும் செலவில்லை. ஹட்டனில் ஒரு நண்பரிடமிருந்து இரட்டை அலைவரிசைக் கடிகாரம் ஒன்றை இரவல் வாங்கியும் பார்த்தோம். எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசைகளில் ஒரே செய்மதியைக் கேட்பதால், தெறித்து வரும் சமிக்ஞையை அது நன்றாகவே பிரித்தறிகிறது. அதில் 4,740. ஸ்டோர் மதிலோரம் கோடு கிட்டத்தட்ட ரோட்டிலேயே நின்றது. ஆனால் அதன் விலைக்குத் தோட்டத்தில் எத்தனை நாட்பேர் போடவேண்டும் என்று அக்கா கேட்டார். நான் கணக்குச் சொல்லவில்லை.

கடிகாரத்தில் தோன்றும் உடனடி வேகத்தை நம்பவேண்டாம் என்பதும் இந்த நாட்களில் தெரிந்தது. தோப்புக்குள் போனதும் வேகம் திடீரென்று கூடும், குறையும். அதைப் பார்த்து அவளும் காலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தாள். அதைத் திரையிலிருந்தே எடுத்துவிட்டோம். தானாக நின்று தானாக ஓடும் வசதியையும் நிறுத்தினோம். சமிக்ஞை தடுமாறும் இடத்தில் ஓடுகிறவள் நின்றுவிட்டாள் என்று அது நினைத்துக்கொள்ளும்.

இன்னொரு குழப்பம்: கடிகாரம் 5.00 என்று காட்டியதைக் கைபேசிச் செயலி 4.96 என்று காட்டும். இரண்டும் ஒரே புள்ளிகளைத்தான் பார்க்கின்றன. ஆனால் செயலி தன் முறையில் திரும்பக் கூட்டிக்கொள்கிறது. எது சரி என்று சண்டை போடுவதில் பயனில்லை. செயலியைப் பற்றிச் சொல்லவேண்டிய முக்கியமான விடயம் வேறு. ஸ்ட்ராவா தன் பாவனையாளர்கள் ஓடிய தடங்களையெல்லாம் சேர்த்து 2017 நவம்பரில் ஓர் உலக வரைபடம் வெளியிட்டது. இரண்டு மாதம் கழித்து, அதில் வெளிநாடுகளிலுள்ள இராணுவ முகாம்களின் சுற்றுப்பாதைகூடத் தெரிகிறது என்று ஓர் அவுஸ்திரேலிய மாணவர் கண்டு சொன்னார். இராணுவத்துக்கே அந்த நிலை என்றால், தினமும் காலை ஐந்தரைக்கு ஒரே வாசலில் தொடங்கி ஒரே பாதையில் தனியாக ஓடும் பெண்பிள்ளையின் நிலையை யோசியுங்கள். தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் மறைக்கும் வசதி செயலியிலேயே உண்டு. முதல் நாளே அதைப் போட்டுவிட வேண்டும்.

ஆனாலும் ஒன்றரை வீதம் என்பது 5,000 மீற்றரில் 75 மீற்றர். இவளுடைய வேகத்தில் ஏறக்குறைய 19 செக்கன். தெரிவில் எடுபடுவதும் எடுபடாததும் அதற்குள் அடங்கிவிடலாம். ஆகவே கடிகாரத்தை எவ்வளவு திருத்தினாலும் அது டேப்புக்கு ஈடில்லை. உலகத்தின் பெரிய மரதன்களையும் ஜிபிஎஸ்ஸால் அளப்பதில்லை என்று எத்தனை பேருக்குத் தெரியும்? சைக்கிளின் முன்சில்லில் ஜோன்ஸ் எண்ணி என்ற சிறு கருவியைப் பூட்டி, ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியில், வளைவு ஓரத்திலிருந்து 30 சென்ரிமீற்றர் விட்டு ஓட்டித்தான் அளக்கிறார்கள். குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஆயிரத்துக்கு ஒன்று கூட்டியும் வைப்பார்கள், 42.195 கிலோமீற்றருக்கு 42 மீற்றர். அந்த மனித அளவையும் பிழைப்பதுண்டு. மன்செஸ்டர் மரதன் 2013, 2014, 2015 மூன்று ஆண்டும் 380 மீற்றர் குறைவாக ஓடப்பட்டது 2016இல்தான் வெளியே வந்தது. அந்த மூன்று வருடமும் ஓடியவர்களின் நேரங்கள் செல்லாமற்போயின. லண்டனிலோ ரொறன்ரோவிலோ சரியாக அளந்த மரதனை ஓடிவிட்டு, "என் கடிகாரம் 42.6 காட்டியது, பாதை நீளம்" என்று முறையிடும் உறவினர்களுக்கு இதைச் சொல்லலாம். கொஞ்சம் கடிகாரத்தின் தள்ளாட்டம், கொஞ்சம் ஆட்களை விலத்தி விலத்தி அவர்களே ஓடிய சுற்று.

முகமாலையில் மிதிவெடி அகற்றுகிறவர்களைப் பற்றி எழுதப் போனபோதும் இதைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடமும் ஜிபிஎஸ் இருந்தது, வரைபடம் போடுவதற்கு. ஆனால் எது துப்புரவாக்கிய நிலம், எது இல்லை என்று தரையில் சொல்வது நட்டிருந்த குச்சிகள்தான். ஐந்து மீற்றர் அங்கும் இங்கும் ஆடும் ஒன்றை நம்பி அங்கே யாரும் கால் வைக்கமாட்டார்கள்.

நாங்களும் குச்சி நட்டோம் என்று வையுங்கள். ஸ்டோருக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் தட்டையாக வரும் பாதையில், டேப் பிடித்து சரியாக 1,000 மீற்றர் அளந்து, இரு முனையிலும் மதிலிலும் மதகிலும் வெள்ளைப் பெயின்ற் அடித்தோம். போய், வந்து, போய், வந்து, போனால் 5,000. ஒவ்வொரு வெள்ளைக் கோட்டிலும் அவள் கடிகாரத்தின் சுற்றுப் பொத்தானை அழுத்துவாள். நேரத்தை மட்டும் கடிகாரத்திடம் கேட்கிறோம். அதில் அது பிழை விடுவதில்லை. தூரத்தை மதகிடம் கேட்கிறோம். 400 மீற்றர்த் தடம் கிடைக்கும் ஊரில் இருப்பவர்களுக்கு இந்த வேலையும் வேண்டாம். முதலாம் ஓடுபாதையில் ஓடினால் போதும். இரண்டாம் ஓடுபாதையில் ஓடினால் சுற்றுக்கு ஏறக்குறைய 7 மீற்றர் கூடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய கடிகாரங்கள் சிலவற்றில் தடத்துக்கென்றே தனி நிலை உண்டு. எந்த ஓடுபாதை என்று சொல்லிவிட்டால் அது 400க்குப் பொருத்திக்கொள்ளும்.

மலையகத்திலிருந்து போய் 10,000 மீற்றரில் தேசிய சம்பியனான குமார் சண்முகேஸ்வரனின் படம் ஒன்று மருமகளின் கொப்பி அட்டையில் ஒட்டியிருக்கிறது. பெயின்ற் காய்ந்த முதல் காலை நானும் மதகில் குந்தியிருந்தேன். பனிக்குள்ளிருந்து சப்பாத்துச் சத்தம் முதலில் வந்தது, பிறகு அவள் வந்தாள். ஐந்தாவது கோட்டில் பொத்தானை அழுத்திவிட்டு, முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கினாள். 21 நிமிடம் 9 செக்கன். "இது நெசம் தானே மாமா?" என்றாள். ஓம் என்றேன்.

அது ஏழு வாரத்துக்கு முன். சென்ற ஞாயிறு வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள்: மதகின் வெள்ளைக் கோடு, அதன்மேல் வைத்த கடிகாரம், அதில் 20:38. கீழே, அடுத்த தெரிவு எந்த மாதம் என்று கேட்டுச் சொல்லும்படி எழுதியிருந்தாள். நாளைக்குப் பயிற்றுநருக்கு அழைப்பு எடுக்கவேண்டும்.